பழைய பாய்மரப் படகின் பில்ஜில் தண்ணீர்: அறிகுறி பார்த்துக் கசிவைப் பிடிக்கும் வழிமுறை

1970-களில் பிரிட்டனில் கட்டிய 22 முதல் 30 அடி ஃபைபர்கிளாஸ் படகுகளை மனதில் வைத்து எழுதியது இது. உள்ளே சின்ன டீசல் எஞ்சின், அடியில் இரும்புக் கீல் (படகைக் கவிழாமல் நிறுத்தும் கனமான அடித்தகடு), அரை டஜன் சீகாக் (உடலில் உள்ள தண்ணீர் ஓட்டைகளை மூடித் திறக்கும் வால்வு), டெக் எனும் மேல்தளத்தில் ஏகப்பட்ட போல்ட்டுகள். 1969 முதல் 1980 வரை ஈராயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட 26 அடி வெஸ்டர்லி சென்டார் இந்த வகைக்கு நல்ல உதாரணம். இத்தகைய படகு வாங்கும் எவருக்கும் முதல் கவலை பில்ஜில், அதாவது தரைப்பலகைக்குக் கீழே உள்ள அடிப்பள்ளத்தில், நிற்கும் தண்ணீர்தான்.

ஈரம் தெரிந்த இடத்தில் சிலிக்கான் டியூபைப் பிதுக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தண்ணீர் ஒரு இடத்தில் நுழைந்து, உள்பக்க ஃபைபர்கிளாஸ் உறைக்குப் பின்னால் ஓடி, இரண்டு மீட்டர் தள்ளி வெளியே வரும். எந்தத் தண்ணீர், எப்போது சேருகிறது என்ற இரண்டுக்கும் விடை தெரியும்வரை சீலன்ட்டைக் கையில் எடுக்க வேண்டாம்.

தண்ணீர் கண்ணெதிரே ஏறுகிறது

இப்போது காரணம் ஆராயும் நேரமில்லை. பம்பைப் போடுங்கள், எல்லா சீகாக்குகளையும் மூடுங்கள், பிறகு ஒவ்வொரு குழாயையும் கையால் தடவிப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். "500 கேலன்" என்று பெட்டியில் போட்டிருக்கும் மின்பம்பு, மேலே தூக்கும் உயரமே இல்லாத நிலையில்கூட நிமிடத்துக்கு 31 லிட்டர்தான் இறைக்கும். பொருத்திய பிறகு அதில் பாதி கிடைத்தால் பெரிது. ஆகவே பம்பை நம்பாதீர்கள், அடைப்பானை நம்புங்கள். கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்று ஒவ்வொரு சீகாக்கின் பக்கத்திலும் கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். அடைக்க முடியவில்லை என்றால் விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள். வற்றில் (கடல்நீர் இறங்கும் நேரத்தில்) தரைதட்டி நிற்கும் இரட்டைக் கீல் படகாக இருந்து, அருகில் சேற்றுக்கரை இருந்தால் அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன் செய்ய வேண்டியவை

பில்ஜை ஸ்பாஞ்சால் ஒத்தி, துணியால் துடைத்து, முழுக்கக் காய வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; அழுக்கில் புதுத் தண்ணீரின் தடம் தெரியாது. பிறகு ஒவ்வொரு சீகாக்குக்கும் கீழே, புரொப்பெல்லர் ஷாஃப்ட் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்டுக்குக் கீழே, கீல் போல்ட்டுகளைச் சுற்றி, எஞ்சின் தட்டில், தண்ணீர்த் தொட்டி மூலையில் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். உள்பக்கச் சுவர்களில் முகப்பவுடரோ சாக்பீஸ் பொடியோ தூவினால் ஓடிவந்த கோடு அப்படியே நிற்கும். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

சேர்ந்த தண்ணீர் உப்பா, நல்லதா என்று பார்க்க நாக்கில் வைக்காதீர்கள். எஞ்சின் கூலன்ட்டும் இனிப்பாக இருக்கும், அது விஷம். வீட்டு ஆர்ஓ தண்ணீருக்கு வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரே போதும். குழாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சில நூறுக்குள் காட்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு இருப்பதால் மலிவான மீட்டர் அளவு தாண்டிப் பிழை காட்டும், அதுவே பதில். இடைப்பட்ட எண் வந்தால் இரண்டும் கலந்திருக்கிறது, அல்லது பழைய உப்புப் படிவில் மழை இறங்கியிருக்கிறது. நல்ல தண்ணீரால் பில்ஜை ஒருமுறை அலசிக் காயவைத்து மறுபடி பாருங்கள்.

உப்புத் தண்ணீர்: படகு சும்மா நின்றாலே சேருகிறது

*முதலில் ஸ்டெர்ன் கிளாண்ட்.* பேக்கிங் (ஷாஃப்ட்டைச் சுற்றித் திணிக்கும் நார்க்கயிறு) வைத்த பழைய கிளாண்டாக இருந்தால் ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது சரி. நின்றபிறகு சொட்டக் கூடாது. ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 0.9 லிட்டர், நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு வாரத்தில் 30 லிட்டர். வெறும் சொட்டுத்தானே என்று விட்டுவிடும் கசிவு இப்படித்தான் தரைப்பலகையைத் தொடுகிறது.

கிரீஸ் கப் இருந்தால் எஞ்சினை நிறுத்தியதும் கை தடுக்கும் அளவுக்கு ஒரு திருகு கொடுங்கள். பல படகுகளில் சொட்டு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் லாக்நட்டைத் தளர்த்தி, பேக்கிங் நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிவிட்டு, கட்டிய இடத்திலேயே கியரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கிளாண்டின் மேல் கை வைத்தால் இளஞ்சூடு இருக்கலாம், கையை எடுக்க வைக்கும் சூடு கூடாது. சுட்டால் உடனே தளர்த்த வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கிய கிளாண்ட் ஷாஃப்ட்டைத் தேய்த்துவிடும்.

நட் முழுவதும் இறங்கிவிட்டது, இன்னும் சொட்டுகிறது என்றால் பேக்கிங் மாற்றும் நேரம். படகு வற்றில் தரைதட்டி நிற்கும்போதோ கரையேற்றியபோதோ செய்யுங்கள். கிளாண்ட் உள்விட்டத்திலிருந்து ஷாஃப்ட் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் பேக்கிங் அளவு: 37 மி.மீ. கிளாண்ட், 25 மி.மீ. ஷாஃப்ட் என்றால் 6 மி.மீ. பழைய வளையங்கள் அத்தனையும் வெளியே வர வேண்டும். கடைசி வளையம் கறுத்து இறுகி, கிளாண்டின் சுவர் போலவே தெரியும்; டார்ச் அடித்து, வளைந்த கொக்கியால் சுரண்டிப் பார்த்தால்தான் நார் பிரியும். அதன்மேல் புது வளையங்களைத் திணித்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. அதே விட்டமுள்ள குழாயில் புதுப் பேக்கிங்கைச் சுற்றிச் சாய்வாக வெட்டி, மூன்று அல்லது நான்கு தனி வளையங்களாக, மூட்டுகள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகும்படி வையுங்கள். ஒரே நீளக் கயிறாகச் சுருட்டி வைப்பது வேண்டாம். நட்டைக் கையால் இறுக்கி, கடலில் இறக்கிய பிறகு மேற்சொன்னபடி சரிசெய்யுங்கள்.

புதுப் பேக்கிங்கும் நிற்கவில்லையா? ஷாஃப்ட்டில் பேக்கிங் படும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் ஷாஃப்ட்தான் மாற வேண்டும். வெளியே புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 1.5 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் ஷாஃப்ட்டின் வெளிமுனையைத் தாங்கும் கட்லெஸ் பேரிங் தேய்ந்துவிட்டது. பேரிங் அடிக்கடி தேய்ந்தால் எஞ்சின் நேர்க்கோட்டில் இல்லை. கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கிடையே ஃபீலர் கேஜ் விட்டுச் சுற்றிலும் பாருங்கள். 100 மி.மீ. கப்ளிங்குக்கு 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. அதைச் சரிசெய்ய எஞ்சின் மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது.

ரப்பர் உதட்டு சீல் வகையாக இருந்தால், படகைத் தண்ணீரில் இறக்கிய உடன் அதை விரலால் அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினீர்களா என்று யோசியுங்கள். காற்றோடு ஓடிய சீல் காய்ந்து தேய்ந்துவிடும். அதை இறுக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

*அடுத்து சீகாக்குகளும் குழாய்களும்.* ஒவ்வொரு குழாய் முனையிலும் இரண்டு கிளிப் இருக்க வேண்டும். காந்தத்தைக் கிளிப்பின் திருகில் வைத்துப் பாருங்கள். பட்டை நல்ல ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் சாதா இரும்பு என்பது வழக்கம். முதலில் இற்றுப்போவது அந்தத் திருகுதான்.

பழைய படகுகளில் வீட்டுக் குழாய்க்கு வைக்கும் பித்தளை கேட் வால்வு இருக்கும். கடல்நீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிட, மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. கத்தியால் சுரண்டுங்கள்: மஞ்சள் மின்னினால் உயிர் இருக்கிறது, இளஞ்சிவப்பு தெரிந்தால் இல்லை. கைப்பிடி சுற்றுவதை நம்பாதீர்கள், உள்ளே கதவு ஒடிந்து அப்படியே நிற்கும். இந்தச் சுரண்டலையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதையும் கரையில் மட்டும் செய்யுங்கள். மிதக்கும் படகில் சந்தேகமான சீகாக்கை ஆட்டினால் அது கையோடு வந்துவிடும்.

மாற்றும்போது கடைக்காரர் "மெரைன் பித்தளை" என்று கொடுப்பதை வாங்காமல், துத்தநாகம் அரிபடாத பித்தளையான, டிஇசட்ஆர் எனப்படும் சிடபிள்யூ602என், அல்லது வெண்கலம், அல்லது கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் வகை கேளுங்கள். சிடபிள்யூ617என் என்று அச்சிட்டது சாதா பித்தளை, நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம். வால்வு, உடலைத் துளைத்துப் போகும் ஸ்கின் ஃபிட்டிங், குழாய் முனை மூன்றும் ஒரே உலோகமாக இருக்கட்டும். வால்வை மட்டும் நல்லதாக மாற்றி, பித்தளைக் குழாய் முனையை விட்டுவைப்பது சர்வ சாதாரணமாக நடக்கும் தவறு. கூம்பு வடிவ பழைய பிளேக்ஸ் வெண்கல சீகாக் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். கழற்றி, கிரைண்டிங் பேஸ்ட்டால் கூம்பைப் பதமாக்கி, கிரீஸ் வைத்தால் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

படகின் வேகத்தை அளக்கும் லாக் சென்சர் உறையின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) பாருங்கள். ஒரு வளையமும் சிறிது சிலிக்கான் கிரீஸும்தான் செலவு.

இவை எல்லாம் காய்ந்திருந்தும் கீல் பக்கத்து டிஷ்யூ மட்டும் நனைந்திருந்தால் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

உப்புத் தண்ணீர்: எஞ்சின் ஓடினால் மட்டும்

எஞ்சினை ஓட்டி, டார்ச்சோடு பக்கத்தில் உட்காருங்கள். தளர்ந்த ஆடையும் நீளமுடியும் பெல்ட்டுக்கு அருகே வேண்டாம். கடல்நீர்ப் பம்பின் உடலில், இரண்டு சீல்களுக்கு நடுவே, கீழ்நோக்கி ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் தண்ணீர் சொட்டினால் பம்பு சீல் போய்விட்டது. ஓட்டையை அடைக்காதீர்கள், அடைத்தால் அதே உப்புத் தண்ணீர் எஞ்சின் ஆயிலுக்குள் போகும். சீல் கிட் வாங்கி மாற்றுங்கள், ஷாஃப்ட்டில் பள்ளம் இருந்தால் பம்பையே மாற்றுங்கள். அடுத்து பம்பு மூடியின் காகித கேஸ்கெட், எக்ஸாஸ்ட் எல்போ (புகைக்குழாயின் முழங்கை வளைவு), அதன் தண்ணீர் தேங்கும் வாட்டர்லாக் பெட்டியின் தையல், எக்ஸாஸ்ட் குழாயின் அடிப்பக்கம். குழாய் எப்போதும் கீழ்ப்பக்கத்தில்தான் இற்றுப்போகும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இவை எதுவுமில்லை என்றால், வேகமாக ஓட்டும்போது படகின் பின்புறம் தாழ்வதை நினைவில் கொள்ளுங்கள். நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேலிருக்கும் காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் பள்ளம்) வடிகாலோ பம்பு வெளிவாயோ அப்போது முழுகும். அந்தக் குழாய்களின் கிளிப்புகளைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூலிங் லைனில் மேலே இருக்கும், தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு ஓடுவதை (சைஃபன்) முறிக்கும் ஆன்டி-சைஃபன் வால்வு உப்பால் அடைத்துக்கொண்டால், எஞ்சின் நின்ற பிறகு கடல்நீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறும். ஸ்டார்ட்டர் "டக்" என்று நின்றுவிட்டால் மறுபடி அழுத்தாதீர்கள், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சீகாக்கை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்த வால்வை ஆண்டுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் இந்த நிலையே வராது.

உப்புத் தண்ணீர்: சாய்ந்து ஓடும்போது மட்டும்

எந்தப் பக்கம் சாய்ந்தால் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து சிங்க் சீகாக்கை மூடிவிட்டு மறுபடி ஓடிப் பாருங்கள். சாய்ந்த படகில் சிங்க் நீர்மட்டத்துக்குக் கீழே போய், வடிகால் வழியே நிரம்பி வழிவது மிகச் சாதாரணம். கழிப்பறையும் அப்படியே: சைஃபன் முறிக்கும் வளைவு, நேராக நிற்கும்போது மட்டுமல்ல, முழுச் சாய்விலும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பில்ஜ் பம்பின் வெளிவாய் முழுகினால் பம்பு இறைத்த தண்ணீர் அதே குழாயில் திரும்பி வரும். தானியங்கி பம்பு ஓயாமல் ஓடி பேட்டரியை இறக்குகிறது, கசிவு எங்கும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான்.

காக்பிட் பெட்டி மூடிகளின் ரப்பர், நங்கூரப் பெட்டியின் வடிகால் இரண்டும் மலிவான வேலை. மிஞ்சுவது உடலும் டெக்கும் சேரும் மூட்டு. ஓரப்பட்டையின் திருகுகளில் இரண்டு மூன்றைக் கழற்றிப் பாருங்கள். துரு படிந்து ஈரமாக வந்தால் பட்டையை முழுக்க எடுத்து சீலன்ட்டை மாற்ற வேண்டும். 26 அடிப் படகில் இரண்டு பேருக்குச் சில வார இறுதி வேலை. செய்யலாம், அவசரப்படக் கூடாது.

நல்ல தண்ணீர்: மழைக்குப் பின்

தோட்டக் குழாயை எடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே. கீழிருந்து மேலே போங்கள்: முதலில் ஜன்னலின் கீழ் விளிம்பு, ஐந்து நிமிடம், பிறகு மேல் விளிம்பு, பிறகு டெக்கின் ஒவ்வொரு ஃபிட்டிங்காக. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரேயடியாக நனைந்து, எது ஒழுகியது என்றே தெரியாது. இதைவிடத் துல்லியமான முறையும் உண்டு. காற்றூதியை ஒரு ஹேட்ச்சில் (டெக்கில் உள்ள மூடித் திறப்பு) டேப் ஒட்டிப் பொருத்தி, மற்றத் திறப்புகளை மூடி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். ஒழுகும் போல்ட் ஒவ்வொன்றும் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும்.

ஒழுகும் ஃபிட்டிங்கின் ஓரத்தில் சீலன்ட் பூசுவது பயன்தராது. கழற்றித்தான் ஆக வேண்டும். டெக்கின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பால்சா மரம் இருந்தால், 6 மி.மீ. போல்ட் ஓட்டையை மேல்தோலில் 12 மி.மீ. ஆக்கி, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்றியுள்ள மரத்தைக் கொஞ்சம் தோண்டி, காயவைத்து, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு 6 மி.மீ. ஓட்டை போடுங்கள். ஓட்டையின் வாயைக் கூம்பாகச் சற்று அகற்றி, பியூட்டில் டேப்பை (பிசின் போல ஒட்டும் ரப்பர் பட்டை) போல்ட்டின் கழுத்தில் சுற்றி இறக்குங்கள். ஒரே நாளில் முழுக்க இறுக்காமல், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டேப் பிதுங்கி எல்லா இடுக்கிலும் இறங்கும். போல்ட்டைச் சுற்றாமல் உள்ளிருந்து நட்டை மட்டும் சுற்றுங்கள். இனி அந்த போல்ட் என்றாவது ஒழுகினாலும் மரத்துக்கு ஈரம் போகாது. இத்தனை உழைப்பும் அதற்குத்தான்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் டெக்கில் இறங்கும் செயின்பிளேட் ஒழுகினால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். காற்றுப்படாத ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பு, டெக்கின் தடிமனுக்குள் பாதி உலோகம் இல்லை. வெளியே எடுத்து, துடைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். குழியோ மயிரிழை விரிசலோ பழுப்புக் கோடோ தெரிந்தால் புதிது போடுங்கள். அது ஒடிந்தால் பாய்மரமே சாயும்.

ஜன்னலில் அக்ரிலிக் தகடு ஒரு மீட்டருக்கு 30 பாகை வெப்ப மாற்றத்தில் 2 மி.மீ. நீளும், சுருங்கும். அதனால் சீலன்ட் காகிதம் போல மெல்லியதாக இருந்தால் அறுந்துவிடும், 3 மி.மீ. தடிமன் வேண்டும். பாலிசல்ஃபைடு அக்ரிலிக்கைக் கெடுக்கும். ஜன்னலுக்குரிய சிலிக்கான் வாங்குங்கள்.

கடைசியாக டெக்கை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். "டிக் டிக்" என்பது "தொப்" என்று மாறும் இடத்தைப் பென்சிலால் வரையுங்கள். உள்ளங்கை அளவென்றால் நீங்களே வெட்டி மரம் மாற்றலாம். அதைவிடப் பெரிதாகவோ, பாய்மரத்தின் அடியிலோ, செயின்பிளேட்டைச் சுற்றியோ இருந்தால் படகுத் தச்சரிடம் கொடுங்கள்.

நல்ல தண்ணீர்: மழையே இல்லை

தொட்டியில் சமையல் நிறப்பொடி கரைத்து ஒரு நாள் விடுங்கள். பில்ஜ் நிறம் மாறினால் முடிந்தது விசாரணை. யாரும் குழாய் திறக்காதபோதே தண்ணீர்ப் பம்பு அவ்வப்போது "குர்" என்று ஓடினால் அழுத்தக் குழாயில் கசிவு. சுடுநீர்த் தொட்டியின் ரிலீஃப் வால்வு, பில்ஜுக்குள்ளேயே விட்டிருக்கும் ஐஸ்பெட்டி வடிகால் இரண்டையும் பாருங்கள். பச்சையோ நீலமோ நிறமும் வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட். எஞ்சினை ஓட்டும் முன் அதன் மட்டத்தைப் பாருங்கள்.

துருநிறத் தண்ணீர், கீல் பக்கம், தரைதட்டியபின் அதிகரிக்கிறது

இங்கே சீலன்ட் வேலை கிடையாது. படகைக் கரையேற்றும்போதே கவனியுங்கள். கிரேன் பட்டைகளில் தொங்கும் நிலையில் கீலுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள கோடு திறக்கிறதா, கீழே இறக்கியதும் மூடுகிறதா? முன்முனையில் சிரிப்பு போல வளைந்த விரிசல் தெரிகிறதா? கரையேற்றி ஒரு நாள் ஆன பிறகும் மூட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால், போல்ட்டுகள் அந்தத் தண்ணீரில்தான் ஊறுகின்றன.

இரட்டைக் கீல் படகு சேற்றில் உட்காரும் ஒவ்வொரு முறையும் இரண்டு கீல்களும் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். உள்ளே தரைப்பலகையை எடுத்து, கீல் தொடங்கும் இடத்தைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டி விரிசல் தேடுங்கள். இந்த இடத்தைக் கூடுதல் கண்ணாடியிழைக் குறுக்குச்சட்டங்களால் வலுப்படுத்திய பழைய இரட்டைக் கீல் படகுகள் பல உண்டு. உங்கள் படகில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கீல் நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. போல்ட் மெலிவது மூட்டு இருக்கும் உயரத்தில், இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மேலே நட் புத்தம் புதிதாகத் தெரியும். மெலிந்த போல்ட்டை முறுக்கினால் ஒடியும். ஒன்றிரண்டு போல்ட்டை உருவிப் பார்ப்பதோ எக்ஸ்ரே எடுப்பதோதான் வழி, இரண்டும் சர்வேயரும் (படகுப் பரிசோதகர்) யார்டும் (படகுப் பட்டறை) சேர்ந்து செய்யும் வேலை. உருவிய போல்ட்டின் இடை மெலிந்திருந்தால் மற்றவையும் அதே வயது, அதே தண்ணீர்; கீலை இறக்கி எல்லாவற்றையும் மாற்றக் கேளுங்கள். விலை கேட்டுவிட்டு, படகின் மதிப்போடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். அதுவரை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.